‘உடன்’ என்ற ஒரு சொல்

போன மாதம் ஒரு கார்ட்டூன் தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். பேட்மேன் வரும் தொடர். நான் டப்பிங் வசனம் எழுதுகிறவள். பதினான்கு வருடமாக இதுதான் பிழைப்பு. திரையில் தெரியும் எழுத்தை நாங்கள் வழக்கமாகத் தொடுவதில்லை, வாயசைவுக்குத்தான் காசு. இந்த முறை கடைப் பலகை, செய்தித்தாள் தலைப்பு, கடிதம் என்று படத்துக்குள் தெரிகிற அத்தனை எழுத்துக்கும் தமிழ் கேட்டு ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தார்கள். முதல் வரிசையிலேயே டைட்டிலில் வரும் வாசகம்: ‘பேட்மேன் கிரியேட்டட் பை பாப் கேன் வித் பில் ஃபிங்கர்’.

மீதி நாற்பது வரிசையையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். இந்த ஒன்றில் மாட்டிக்கொண்டேன். அந்த ‘வித்’தை என்ன செய்வது?

‘உருவாக்கியவர்கள்: பாப் கேன், பில் ஃபிங்கர்’ என்று போட்டிருந்தால் அத்தோடு எழுந்து டீ குடிக்கப் போயிருக்கலாம். படிக்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது பொய். அந்த இடத்தில் ‘அண்ட்’ வராமல் ‘வித்’ வந்து உட்கார்ந்ததற்குப் பின்னால் எழுபத்தாறு வருடத்துக் கதை இருக்கிறது. அது எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதுதான் சிக்கலே. தெரியாதவளாக இருந்தால் ஒரு காற்புள்ளியோடு போயிருக்கும்.

ஃபிங்கர் 1914இல் டென்வரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் மில்டன். வளர்ந்ததெல்லாம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். 1933இல் பள்ளிப்படிப்பு முடிந்தபோது அமெரிக்காவே வேலையில்லாமல் தெருவில் நின்றது. எழுத்தாளராகும் ஆசையை வைத்துக்கொண்டு செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவருக்கு ஒரு விருந்தில் பாப் கேனின் அறிமுகம் கிடைத்தது. கேன் படம் போடுகிறவர். கதைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஃபிங்கர் எழுதிக் கொடுத்தார். கோஸ்ட் வேலை. பெயர் கேனுடையது.

1938இல் சூப்பர்மேன் வந்து விற்பனை எகிறியதும் பதிப்பகத்துக்கு அதே மாதிரி இன்னொரு ஆள் தேவைப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்கள், திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று கேன் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாளுக்கு நடுவில்தான் விஷயம் இருக்கிறது.

கேன் காட்டிய முதல் படத்தில் இருந்த ஆளை இன்று பார்த்தால் உங்களுக்கு அடையாளமே தெரியாது. உடம்போடு ஒட்டிய சிவப்பு உடை. கண்ணை மட்டும் மறைக்கிற சின்ன முகமூடி. கையுறை கிடையாது. முதுகில் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இறக்கைகள். பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டிக்கு அட்டை வெட்டி ஒட்டிவிட்டது போல.

ஃபிங்கர் அலமாரியிலிருந்து வெப்ஸ்டர் அகராதியை எடுத்து, வௌவால் படம் போட்டிருந்த பக்கத்தைப் பிரித்து வைத்தார். காதைப் பார் என்றார். அந்தக் காது வேண்டும். அதற்குத் தலையை மூடுகிற முகமூடி வேண்டும். இறக்கையை எடுத்துவிடு, அதற்குப் பதில் ஓரம் வளைந்து வளைந்து வெட்டிய மேலங்கி போடு, ஓடும்போது அதுவே இறக்கை மாதிரி விரியும். கைக்கு உறை போடு. சிவப்பு வேண்டாம், சாம்பல் நிறமாக இருண்டு கிடக்கட்டும். கண்ணில் கருவிழி வரையாதே, வெறும் வெள்ளைக் கீற்றாக விடு.

கடைசியில் சொன்னதற்கு ஒரு மூலம் உண்டு. லீ ஃபாக்கின் ஃபேண்டம் பாத்திரத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம்முடைய முகமூடி வீரர் மாயாவிதான். எங்கள் அண்ணன் கோடை விடுமுறையில் ஒரு இதழைப் பத்துப் பைசாவுக்கு வாடகைக்கு விடுவான், எனக்கும் சேர்த்துத்தான். மாயாவிக்குக் கண்ணே இல்லையே, எப்படிப் பார்க்கிறார் என்று நான் கேட்டதற்கு ‘அதுக்குத் தனியா பத்துப் பைசா’ என்றான். அந்தக் கண்ணில்லாத கண்தான் பேட்மேனுக்குப் போயிருக்கிறது.

இதையெல்லாம் சொன்னவர் ‘எழுத்தாளர்’ என்பதைக் கவனியுங்கள். கதாசிரியர் என்றால் பலூனுக்குள் வசனம் நிரப்புகிறவர் என்ற நினைப்பு இருக்கிறது. காமிக்ஸில் கதை எழுதுவது என்பது யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கம், அடுத்த கட்டத்தில் என்ன தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று எழுதுவது. ஃபிங்கர் அதில் பெரிய கை. கதைப் பக்கங்களோடு பத்திரிகைகளிலிருந்து வெட்டிய புகைப்படங்களையும் சேர்த்துக் கொடுப்பாராம், ஓவியர் தேடி அலையக் கூடாதென்று.

பெயர்களும் அவருடையவைதான். முகமூடியைக் கழற்றினால் பேட்மேன், காத்தம் என்ற ஊரில் வாழும் ப்ரூஸ் வெய்ன் என்ற பணக்காரன். ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் தி ப்ரூஸிடமிருந்து ப்ரூஸ், அமெரிக்க விடுதலைப் போர்த் தளபதி ஆண்டனி வெய்னிடமிருந்து வெய்ன். பழைய பரம்பரைப் பணக்காரன் என்று பெயரிலேயே தெரிய வேண்டும் அல்லவா. ஊர்ப் பெயருக்குத் தொலைபேசி டைரக்டரியைப் புரட்டும்போது ‘காத்தம் ஜுவல்லர்ஸ்’ என்ற கடைப் பெயர் கண்ணில் பட்டது. நியூயார்க் என்று வைத்தால் மற்ற ஊர்க்காரர்கள் ஒட்டமாட்டார்கள், காத்தம் என்றால் எந்த ஊராகவும் இருக்கலாம் என்று அதை எடுத்துக்கொண்டார். ஒரு நகைக்கடைப் பெயரில் அந்த இருட்டு ஊர் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து எனக்குக் காத்தம் என்றால் தி.நகர் ஞாபகம்தான் வருகிறது.

1939 மே மாத ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் பேட்மேன் முதன்முதலாக வந்தபோது கதை ஃபிங்கருடையது. இதழில் இருந்த பெயர் கேனுடையது மட்டும். உண்மையைச் சொல்வதென்றால், அந்த முதல் கதையின் முடிச்சும் சொந்தச் சரக்கு இல்லை. அப்போது வந்துகொண்டிருந்த ‘தி ஷேடோ’ என்ற மலிவுப் பத்திரிகையின் ஒரு கதையிலிருந்து உருவியது. ஃபிங்கரே அதைப் பின்னால் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அவரைத் தியாகியாக்கிச் சட்டகம் போட்டு மாட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது இல்லாமல் அந்த ஆள் முழுதாகத் தெரிவதில்லை. இருபத்தைந்து வயது, கெடு நெருங்குகிறது, கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வசனம் எழுதுகிற எவரும் இந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது.

அதன் பிறகு வந்ததுதான் கணக்கில்லாதது. பேட்மேனின் கூட்டாளிப் பையன் ராபின் அறிமுகமான கதை அவருடையது. பூனைப்பெண், பென்குவின், இரட்டை முகன், ரிட்லர் என்று வில்லன் வரிசையில் பெரும்பாதி அவர் பேனா வழியாக வந்தவர்கள். ஜோக்கர் யாருடைய பிள்ளை என்பதற்கு மட்டும் மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். உதவி ஓவியர் ஜெர்ரி ராபின்சன் ஒரு சீட்டுக்கட்டு ஜோக்கரைக் கொண்டுவந்தார். ஃபிங்கர் 1928இல் வந்த ஒரு மௌனப் படத்தில் நடிகர் கான்ராட் வைட் பல்லெல்லாம் தெரிய இளித்தபடி நிற்கும் புகைப்படத்தைக் கொண்டுவந்தார். கேன், எல்லாம் என்னுடையது என்றார்.

பேட்மேனோடு நிற்கவில்லை. மார்ட்டின் நோடெல் விளக்கு வைத்த ஒரு வீரனைக் கொண்டுவந்தபோது அதைக் கதையாக்கி 1940இல் கிரீன் லாண்டர்னாக நிறுத்தியவர் ஃபிங்கர். அந்த வீரனுக்கு அலாதீனை நினைவூட்டுகிற மாதிரி ஆலன் லாட் என்று பெயர் வைக்கலாமென்று பேச்சு இருந்தது. சின்னப்பிள்ளைத்தனம் என்று ஆலன் ஸ்காட் ஆக்கினார்கள். அதற்குக் கொஞ்ச நாளிலேயே அதே ஆலன் லாட் என்ற பெயருள்ள ஒரு நடிகர் ஹாலிவுட்டில் நட்சத்திரமாகிவிட்டார். சூப்பர்மேனின் பலத்தைப் பறிக்கும் கிரிப்டனைட் கல்லை, வானொலி நாடகத்தில் வந்துகொண்டிருந்ததை, 1949இல் காமிக்ஸ் பக்கத்துக்குக் கொண்டுவந்த சூப்பர்மேன் கதையும் ஃபிங்கருடையதே.

கையில் எப்போதும் நோட்டுப் புத்தகம். எங்கேயாவது விசித்திரமான தகவலோ பொருளோ கண்ணில் பட்டால் குறித்துக்கொள்வார். பேட்மேன் ராட்சத டைப்ரைட்டர் மேலே ஓடிச் சண்டை போடும் கதைகளெல்லாம் இந்த நோட்டிலிருந்து வந்தவை. கட்டைவிரல் அளவு சாமானை வீடு அளவுக்கு ஊதிவிட்டு அதன் மேல் மனிதனை ஓடவிடுவது அவருக்குப் பிடித்த வேலை. டிக் ஸ்ப்ராங் என்ற ஓவியர் அதை வரைந்த விதத்தைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஞாபகம் எனக்கு வரும்.

அவருடைய கெட்ட பழக்கம், தாமதம். செதுக்கிச் செதுக்கி எழுதுவார். கெடு தாண்டும். முன்பணம் கேட்டு நிற்பார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் மெதுவாக எழுதினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேனுக்கு எழுத்துத் திறமை இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் படிக்கத் தெரிந்திருந்தது. பேட்மேன் எங்கே வந்தாலும் உருவாக்கியவர் என்று தன் பெயர் மட்டும் வர வேண்டும் என்று பதிப்பகத்திடம் எழுதி வாங்கிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், பிறகு படத்தையும் அவர் போடவில்லை. ஷெல்டன் மோல்டாஃப் போன்றவர்கள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வருடக்கணக்காக அவருக்காக வரைந்தார்கள், கையெழுத்து அவருடையது. எழுதியதும் இன்னொருவர், வரைந்ததும் இன்னொருவர். நடுவில் ஒரு பெயர் மட்டும்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு எரிச்சல் என்று கேட்டால், ஒரு சின்னக் கதை. இந்தத் தொழிலில் முதல் மூன்று வருடம் நான் ஒரு சீனியருக்குக் கோஸ்ட் எழுதினேன். வாரா வாரம் வியாழக்கிழமை சாலிகிராமத்தில் ஒரு டீக்கடை வாசலில் கவரில் பணம் வரும். தப்புச் சொல்லமாட்டேன், ஒரு தடவைகூடக் குறைத்ததில்லை. அப்போது நான் எழுதிய ஒரு கார்ட்டூன் வசனம், ஒரு பூனை கோபத்தில் சொல்கிற அரை வரி, பிள்ளைகள் மத்தியில் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் மாடிப்படியில் உருண்டு விழுந்து எழுந்து அதைச் சொன்னான். என்னால் அடக்க முடியவில்லை. ‘டேய், அது நான் எழுதினதுடா’ என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘சும்மா சொல்லாதீங்கக்கா, அது பூனையே பேசினது’ என்றான்.

அதற்கு மேல் ஒரு பாராட்டு எனக்கு இன்றுவரை வரவில்லை என்பது வேறு விஷயம்.

1965இல் ஃபிங்கருக்கும் அப்படி ஒரு மாடிப்படி நேரம் வந்தது. நியூயார்க்கில் ரசிகர்கள் கூட்டிய மாநாட்டில் மேடையேறிப் பேசினார். அங்கே இருந்த ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற ரசிகர் அவரிடம் பேசி, பேட்மேனில் இந்த ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு கட்டுரை எழுதிச் சுற்றுக்கு விட்டார். கேன் கொதித்துப்போய் ரசிகர் இதழ் ஒன்றுக்கு நீண்ட கடிதம் எழுதினார். பேட்மேனை உருவாக்கியது நான்தான், நான் மட்டும்தான் என்பது அதன் சாரம். கூட வேலை செய்த நண்பனைப் பற்றி ஊரறிய எழுதியது.

ஃபிங்கர் வழக்குப் போடவில்லை, பதில் கடிதமும் எழுதவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் பேட்மேன் திரைக்கதை ஒன்றில் அவர் பெயர் வந்தது ஒரே தடவை. 1966 தொலைக்காட்சித் தொடரில் நண்பர் சார்லஸ் சின்க்ளேரோடு சேர்ந்து எழுதிய இரண்டு பகுதிக் கதை. அதில் வில்லன் யார் தெரியுமா? கடிகார ராஜா. வாழ்நாள் முழுக்கக் கெடு தவறியவர், மணி தவறாத வில்லனை எழுதினார்.

1974 ஜனவரியில், அறுபது வயது நிரம்ப மூன்று வாரம் இருக்கும்போது, மன்ஹாட்டனில் தன் வீட்டில் தனியாக இறந்து கிடந்தார். போய்ப் பார்த்தவர் அதே சின்க்ளேர். அநாதைப் பிணங்களைப் புதைக்கும் இடத்தில் புதைத்துவிட்டார்கள் என்று பல வருடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் மகன் ஃப்ரெட் அஸ்தியை வாங்கிக்கொண்டு ஓரிகன் கடற்கரைக்குப் போயிருக்கிறார். மணலில் வௌவால் வடிவத்தில் அதைத் தூவிவிட்டு, அலை வந்து எடுத்துப்போகும்வரை நின்றிருக்கிறார். இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் அந்த மணலுக்கு மேல் தாண்ட முடிவதில்லை.

கேன் 1989இல் எழுதிய தன்வரலாற்றில், ஃபிங்கருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆள் போய்ப் பதினைந்து வருடம் கழித்து. அதே வருடம் வந்த பெரிய பேட்மேன் படத்திலும் கேன் பெயர் மட்டும்தான்.

பிறகு அந்த எழுத்து எப்படி மாறியது என்றால், மார்க் டைலர் நோபல்மேன் என்ற குழந்தைகள் நூலாசிரியர் விடாப்பிடியாகத் துருவினார். மகன் ஃப்ரெட் 1992இலேயே இறந்துவிட்டார்; வாரிசு இல்லை என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஃப்ரெட்டுக்கு அதீனா என்று ஒரு மகள் இருப்பதை நோபல்மேன் கண்டுபிடித்தார். தாத்தாவைப் பார்த்தேயிராத பேத்தி. 2012இல் புத்தகம் வந்தது. பேத்தி உரிமையைக் கேட்டு நின்றார். 2015 செப்டம்பரில் பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் அறிவித்தது, இனி ஃபிங்கர் பெயரும் வரும் என்று. அடுத்த மாதத்திலிருந்து இதழ்களில் அந்த வரி வந்தது. அடுத்த வருடம் பெரிய திரையிலும் வந்தது. 2017இல் பிராங்ஸில், அவரும் கேனும் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசிய எட்கர் போ பூங்காவுக்கு அருகே, ஒரு தெருமுனைக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

வரி வந்தது. ஆனால் ‘வித்’ என்று வந்தது. பழைய ஒப்பந்தத்தைக் கிழிக்காமல் அதன் ஓரமாக இடுக்கில் நுழைந்த சொல் என்றுதான் அதை நான் படிக்கிறேன். ‘கூட வந்தவர்’ என்கிற மாதிரி. மாப்பிள்ளையோடு வந்தவர்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மன்னார்குடியில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டேன். முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியராக இருந்தவர்.

“பில்லா? கரண்ட் பில்லாம்மா?”

“ஆள் பேருப்பா. பில் ஃபிங்கர். பாப் கேன்னு ஒருத்தர், பில் ஃபிங்கரோட சேர்ந்து உருவாக்கினார்னு வருது. கேனைப் பெரியாளாவும் இவரை ஒட்டாவும் காட்டுற மாதிரி இருக்கு. எப்படி எழுதறது?”

கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வௌவால் காது, அகராதி, மணல் எல்லாம் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமினார். எனக்குத் தெரியும், அடுத்து நூற்பா வரப்போகிறது என்று.

“‘ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே.’ தொல்காப்பியம், சொல்லதிகாரம். ரெண்டு பேர் ஒரே வேலையைச் செஞ்சா, ‘ஒடு’ யாரோட சேரும்? உயர்ந்தவங்களோட. அரசனொடு இளையர் வந்தார். ஆசிரியனொடு மாணாக்கர் வந்தார். மாணாக்கனொடு ஆசிரியர் வந்தார்னு சொல்லக் கூடாது.”

“அப்படின்னா…”

“பில் ஃபிங்கரோடு பாப் கேன் உருவாக்கியதுன்னு எழுது. தொல்காப்பியர் கணக்குல ஃபிங்கர்தான் பெரியவர். கேன் கூட வந்த பையன்.”

கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. அப்பாவே சேர்த்துக்கொண்டார்: “இப்ப யாரும் அப்படிப் பார்க்கிறதில்ல. நாயோட வந்தான்னு சொல்றோம், நாய் உயர்ந்ததா? ஆனா எழுதறவங்களுக்குத் தெரிஞ்சா போதும்.”

ஷீட்டில் அப்படியே அடித்தேன்: ‘பேட்மேன்: பில் ஃபிங்கரோடு பாப் கேன் உருவாக்கிய பாத்திரம்’. ஆங்கிலத்தில் இருப்பதை ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. சட்டப்படி யாரும் கேட்க முடியாது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் ஷீட் திரும்பி வந்தது. நாற்பது வரிசையும் பச்சை. முதல் வரிசை மட்டும் சிவப்பில், எதிரே ஒரு குறிப்போடு: இது ஒப்பந்த வாசகம், மொழிபெயர்க்கக் கூடாது, ஆங்கிலத்திலேயே விடவும்.

அழித்தேன். பிறகு மொத்தத்தையும் ஒரு முறை எண்ணி, நாற்பது வரிக்கு மட்டும் பில் போட்டு அனுப்பினேன்.